எரிந்து விழும் பிள்ளை: பதின்ம வயது மனச்சோர்வும் அதன் காரணங்களும்

கேள்வி சுருக்கமாக இது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கும் ஒரு தாய் கேட்கிறார். மகனுக்கு 17 வயது, இரண்டாம் பியூசி (நம்மூர் பிளஸ் டூ) அறிவியல் பிரிவு, கூடவே நீட் கோச்சிங். எஸ்.எஸ்.எல்.சி.யில் 93 சதவீதம் எடுத்தவன் இப்போது யூனிட் டெஸ்டில் பாதி மதிப்பெண்ணுக்கே திணறுகிறான். இரண்டு மாதமாக யார் பேசினாலும் எரிந்து விழுகிறான், அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான், அடிக்கடி தலைவலி என்கிறான். 'வயசுக் கோளாறு, போனைப் பிடுங்கி வை, சரியாயிடும்' என்கிறார்கள் உறவினர்கள். இது டிப்ரஷனா, எதனால் வந்தது, எட்டாவது படிக்கும் தங்கைக்கும் வருமா? கணவரின் தம்பி நரம்புத் தளர்ச்சி என்று பல வருடம் மாத்திரை சாப்பிட்டதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயரை யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று உறுதியாகச் சொல்ல உங்கள் விவரமே போதும். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகம், அழுகை என்று வெளியே தெரிந்துவிடும். பதின்ம வயதில் அது பல நேரம் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிவரும். அதனால்தான் வீட்டில் அதைத் திமிர், சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் திட்டித் தீர்க்கிறோம்.

மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்பார்கள். சோர்ந்த மனநிலை (பிள்ளைகளிடம் எரிச்சலும் இதற்குச் சமமாகக் கணக்கில் வரும்), பிடித்தமான விஷயங்களில் ஆர்வம் போவது, பசியோ எடையோ மாறுவது, தூக்கம் கெடுவது அல்லது அளவு மீறித் தூங்குவது, மற்றவர் கவனிக்கும் அளவுக்கு அசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, எந்நேரமும் களைப்பு, 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம், கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்து மொத்தம் ஐந்து, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ முடக்கினால் அது மனச்சோர்வு நோய். உங்கள் மகனுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. சாதாரண வயசுக் கோளாறு என்றால் இன்று கத்துவான், நாளை பிரியாணி கேட்பான், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போவான். அவன் மட்டையைத் தொட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பாருங்கள். கோபத்தை விட அந்த விலகல்தான் பெரிய தடயம்.

பெற்றோர் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த வயதில் மனச்சோர்வு உள்ள பிள்ளை நண்பன் வந்தால் அரை மணி நேரம் சிரித்துப் பேசும். 'நம்மகிட்டதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறான், ஃபிரண்டுன்னா பல்லைக் காட்டுறான், எல்லாம் நடிப்பு' என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நல்லது நடக்கும்போது மனம் கொஞ்ச நேரம் எழுவதும், அது போனதும் மறுபடி விழுவதும் இந்த வயது மனச்சோர்வில் சாதாரணம். தலைவலி, வயிற்றுவலி என்று உடம்பில் காட்டுவதும் அப்படியே. அந்த வலி பொய்யில்லை, அவனுக்கு உண்மையாகவே வலிக்கிறது.

மதிப்பெண் குறைந்ததால் மனம் உடைந்துவிட்டது என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். பல சமயம் நடப்பது தலைகீழ். மனச்சோர்வு கவனத்தையும் நினைவாற்றலையும் பிடிக்கிறது. ஒரே பக்கத்தை நாலு முறை படித்தும் தலையில் ஏறாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் மதிப்பெண் வராது. அவனே தன்னை முட்டாள் என்று முடிவு கட்டிக்கொள்வான், அதற்கு மேல் நாமும் அதையே சொல்வோம். மார்க் ஷீட்டில் தேதிகளைப் பாருங்கள். தூக்கம் கெட்டு எரிச்சல் வந்த பிறகு மதிப்பெண் சரிந்ததா, முன்பா என்பது தெரிந்துவிடும். மருத்துவருக்கும் அந்த வரிசை பயன்படும்.

இனி, எதனால் வருகிறது என்பது. ஒரே காரணத்தால் வருவது அரிது. பிறவியிலேயே கொஞ்சம் சாய்வு இருக்கும், அதன் மேல் வாழ்க்கை நிலைமைகள் சேரும், கடைசியில் ஏதோ ஒரு நிகழ்ச்சி தள்ளிவிடும். வீட்டார் அந்தக் கடைசி நிகழ்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு 'அந்த டெஸ்ட்டாலதான்', 'அந்தப் பொண்ணாலதான்' என்பார்கள். மாற்ற முடியாதவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாற்றக்கூடியவற்றில் கை வைக்க வேண்டும். இந்தப் பிரிப்புதான் உங்களுக்கு உதவும்.

மாற்ற முடியாதவற்றில் முதலாவது குடும்ப வழி. பெற்றோரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு முதல் நான்கு மடங்கு. சித்தப்பாவுக்கு இருந்தது அவ்வளவு நெருக்கமான தொடர்பு இல்லை என்றாலும், அவர் சாப்பிட்ட மாத்திரையின் பெயரை எப்படியாவது கேட்டு வாங்குங்கள். நம் வீடுகளில் நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில் எந்த நோயும் ஒளிந்திருக்கலாம். அது இருதுருவ மனநோயாக, அதாவது பைபோலாராக இருந்திருந்தால், மகனுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் விதமே மாறும். மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனம் எதிர்ப்பக்கம் எகிறிவிடும். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம், வால்ப்ரோயேட் என்ற பெயர்கள் காதில் விழுந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பாலினமும் வயதும். பருவமடைந்த பிறகு பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். ஆண் பிள்ளைகளுக்குக் குறைவாக வருகிறது என்று நிம்மதி கொள்ள வேண்டாம், அவர்களிடம் கண்டுபிடிப்பதே தாமதமாகிறது. கவனக்குறைவுக் கோளாறு, சின்ன வயதிலிருந்தே இருந்த பதற்றம், யாரும் கண்டுகொள்ளாத கற்றல் குறைபாடு, ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்கள் இவையும் இந்தப் பட்டியலில் வரும்.

மாற்றக்கூடியவை என்று பார்த்தால் பெங்களூரு பியூசி மாணவர்களிடம் தூக்கத்தைத்தான் முதலில் வைக்க வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது, இரவு பதினொரு மணிக்கு முன் இயல்பாகத் தூக்கம் வராது. பியூசியும் கோச்சிங்கும் சேர்ந்த இன்டெக்ரேட்டட் பேட்ச் என்றால் காலை ஏழரைக்கு வகுப்பு, அதற்கு ஐந்தரைக்கு எழுந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்ட வேண்டும். மாலை கோச்சிங் முடிந்து வீடு சேர எட்டு. சாப்பாடு, டெஸ்ட் பேப்பர், கொஞ்சம் போன், படுக்க மணி பன்னிரண்டரை. மிஞ்சுவது ஐந்து மணி நேரம். இதை ஆறு மாதம் தாங்கும் மூளை எதுவும் பழையபடி இருக்காது. இந்தப் பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் தூக்கத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பது என் கோபம்.

அடுத்தது அவமானம். கேலி, கிண்டல், ராகிங், வாட்ஸ்ஆப் குழுவில் ஒதுக்கிவைப்பது, நிறம், எடை, பேச்சு பற்றிய பட்டப்பெயர். தொடர்ந்து கேலிக்கு உள்ளாகும் பிள்ளைக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து எட்டாவது, ஒன்பதாவதுக்கு மேல் இங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமும் உண்டு. வகுப்பில் ஆங்கிலம், மைதானத்தில் கன்னடம், வீட்டில் தமிழ். பாடம் புரியும், ஆனால் இடைவேளையில் பேச ஆள் இருக்காது. கன்னடத்தில் ஒரு ஜோக் அடிக்கத் தெரியாத பிள்ளை கூட்டத்தில் மௌனமாக நிற்கும். 'ஸ்கூல்ல எல்லாம் ஓகேதானே' என்று கேட்டால் 'ஓகே' என்றுதான் பதில் வரும். 'மத்தியானம் யார் கூட உட்கார்ந்து சாப்பிடுற?' என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளே பார்த்தால், தந்தையின் குடி, பெற்றோர் சண்டை, கடன், ஒரு மரணம், அண்ணன் பிள்ளையோடு ஒப்பீடு. இவற்றில் ஒப்பீட்டை இன்றைக்கே நிறுத்த முடியும். பாலியல் தொல்லை நடந்திருந்தாலும் பிள்ளை முதலில் தலைவலி என்று மட்டும் சொல்லலாம். அதனால் மருத்துவர் அவனிடம் தனியாகப் பேசக் கேட்டால் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

போனைப் பற்றி. சமூக வலைத்தளம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் இரவில் போன் தூக்கத்தைத் தின்கிறது, ரேங்க் வாங்கியவனின் ரீல்ஸ் மனதைத் தின்கிறது. மொத்தமாகப் பிடுங்கினால் அவனுக்கு மிச்சமிருந்த நட்பும் அறுபடும், உங்கள் மீதிருந்த நம்பிக்கையும் போகும். இரவு பத்தரைக்கு வீட்டில் எல்லோருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜருக்குப் போகட்டும். இது ஒரு வாரம் சண்டையாக இருக்கும், பிறகு பழகிவிடும். கேம் விட முடியாத அளவுக்குப் போயிருந்தால் பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவமனையான நிமான்ஸில் 2014 முதல் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே 'ஷட்' கிளினிக் இயங்குகிறது.

இது அரிதான நோய் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிமான்ஸ் முன்நின்று நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கிராமங்களில் 6.9 என்றால் பெருநகரங்களில் 13.5.

இப்போது மிக முக்கியமான வேலை, அவனிடம் பேசுவது. டைனிங் டேபிளில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். ஸ்கூட்டரில் போகும்போதோ, பால் வாங்க நடந்து போகும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் ஆரம்பியுங்கள். 'ஏன்டா இப்படி இருக்க' என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். 'ரெண்டு மாசமா நீ சரியா தூங்கல, கிரிக்கெட்டுக்கும் போகல. மார்க் பத்தி கேட்கல கண்ணா. உனக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்' என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அறிவுரையை ஒரு வாக்கியம்கூடச் சேர்க்காதீர்கள்.

அதோடு ஒரு கேள்வியை நேராகக் கேட்டே ஆக வேண்டும்: 'இருக்கவே வேணாம், செத்துடலாம்னு தோணியிருக்கா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. விதைக்காது. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, பல பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும். 'ஆமாம்' என்று சொன்னால் அதிர்ந்து அழவோ, சாமி மேல் சத்தியம் வாங்கவோ வேண்டாம். எப்போது தோன்றியது, எப்படி என்று யோசித்தானா, முன்பு முயன்றிருக்கிறானா என்று கேளுங்கள். திட்டம் ஏதாவது இருந்தாலோ, கையில் கீறல் தழும்பு தெரிந்தாலோ, பிடித்த பொருட்களை யாருக்காவது கொடுத்துவிட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனை. நிமான்ஸ் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் உண்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கும் போகலாம். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், மொட்டை மாடிச் சாவி உங்களிடம் இருக்கட்டும். தீவிர எண்ணம் பெரும்பாலும் அலையாக வந்து தணியும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் வைப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தவித்தால் 14416. அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம். பிள்ளைக்கு எதிரான கொடுமை என்றால் 1098.

யாரிடம் போவது? ஓசூர் ரோட்டில் நிமான்ஸில் குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநலத்துக்குத் தனித் துறை இருக்கிறது. செலவு குறைவு, நிபுணத்துவம் அதிகம், கூட்டமும் அதிகம். ஒரு முழு நாளை ஒதுக்கி, காலையிலேயே போங்கள். முதலில் பதிவு, பிறகு ஒரு மருத்துவர் சுருக்கமாகக் கேட்பார், அதன் பிறகுதான் விரிவான பேச்சு. சித்தப்பாவின் மாத்திரைச் சீட்டு, மூன்று வருட மதிப்பெண் பட்டியல், ஏற்கெனவே எடுத்த மருந்துகள், தூக்கம் எப்போது கெட்டது என்ற தேதிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பரபரப்பில் பாதி மறந்துவிடும். கோரமங்களா செயின்ட் ஜான்ஸ், சிவாஜிநகர் பவுரிங் போன்ற இடங்களிலும் மனநலப் பிரிவு உண்டு. தனியாரிடம் பேச்சு சிகிச்சைக்கு, அதாவது பேசியே மனதைச் சரிசெய்யும் உளவியல் சிகிச்சைக்குப் போனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். கவுன்சலர் என்று பலகை வைக்க இங்கே யாரும் தடுப்பதில்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு), பி12 மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வு மாதிரியே காட்டும், சைவக் குடும்பங்களில் பி12 குறைவு சகஜம். ஆனால் பி12 குறைவு என்று தெரிந்ததும் 'அவ்வளவுதானா' என்று ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுகிறான் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

லேசான நிலைக்குப் பேச்சு சிகிச்சையே போதும். வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், 12 முதல் 16 அமர்வுகள் வரை. முதல் இரண்டு மூன்று அமர்வில் ஒன்றும் நடக்காத மாதிரி தோன்றும், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மிதமான, கடுமையான நிலைக்கு மாத்திரையும் சேர வேண்டியிருக்கலாம். 2004-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 12 வாரத்தில் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சு மட்டும் என்றால் 43.

இந்த வயதில் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஃப்ளூவாக்ஸெடின், வழக்கமாகப் பத்து மில்லிகிராமில் தொடங்கி இருபதுக்குப் போவார்கள். காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு. பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், ஆனால் குமட்டல், தலைவலி, நிலைகொள்ளாமை முதல் வாரத்திலேயே வரும். 'மாத்திரை போட்டும் மோசமாயிட்டான்' என்று பத்தாம் நாள் நிறுத்துவதுதான் இங்கே மிகவும் நடக்கும் தவறு. அதே சமயம், 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகளுக்கு உண்டு. தூக்கமே இல்லாமல் நடந்துகொண்டே இருப்பது, திடீர் ஆத்திரம், வழக்கத்துக்கு மாறான உற்சாகம், சாவுப் பேச்சு இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். முதல் மாதம் வாரந்தோறும் காட்டுவது நல்லது. மாத்திரைப் பெட்டி உங்கள் கையில் இருக்கட்டும், தினமும் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் இருமல் சிரப் வாங்கினால் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. இது போதையாகும் மாத்திரை இல்லை. தேறிய பிறகும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்ப்ராசோலம் போன்ற தூக்க மாத்திரைகள்தான் பழக்கமாகும், அவை இந்த நோய்க்குச் சிகிச்சையும் இல்லை.

வீட்டில் அடுத்த ஒரு மாதத்துக்குக் கோச்சிங்கை ஒரு வேளையாகக் குறையுங்கள். எழும் நேரத்தை மாற்றாதீர்கள், ஞாயிறு ஒரு மணி நேரம் அதிகம் தூங்கலாம். மாலை நாலுக்குப் பிறகு காபி வேண்டாம். தினமும் அரை மணி நேர நடை, உங்களில் யாராவது கூடப் போங்கள். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது, செய்யச் செய்யத்தான் வரும். ஆனால் அளவு சின்னதாக இருக்க வேண்டும்: இன்றைக்குக் குளித்து, இரண்டு கணக்குப் போட்டால் போதும்.

கல்லூரியில் 75 சதவீத வருகை வேண்டும். விடுப்பு எடுக்கும் வாரத்திலேயே மருத்துவச் சான்றிதழைப் பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுங்கள், ஹால் டிக்கெட் நிறுத்திய பிறகு ஓடினால் வேலை கடினம். சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை, 'மருத்துவ சிகிச்சையில் இருக்கிறார்' என்று கேட்டு வாங்கலாம். கர்நாடகாவில் 2024 முதல் இரண்டாம் பியூசிக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடக்கின்றன, எதில் அதிக மதிப்பெண்ணோ அதையே எடுத்துக்கொள்ளலாம். நீட்டை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. 'ஒரு வருஷம் போச்சு' என்று அவன் பயந்தால் இந்த இரண்டையும் காட்டுங்கள். ஆனால் அவன் கேட்கும்போது மட்டும்.

தங்கைக்கு வருமா என்றால், அண்ணனுக்கு உறுதியானால் அவளுக்கும் மற்றவர்களை விடச் சற்று வாய்ப்பு அதிகம், பெண் பிள்ளை என்பதும் சேர்கிறது. வந்தே தீரும் என்பதில்லை. இப்போதைக்கு அவள் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள், மாதவிடாய் தொடங்கியிருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள், மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். வீட்டில் நடப்பதை அவளிடம் மறைக்க வேண்டாம். 'அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட போறோம், உன்னால ஒண்ணும் ஆகல' என்று சொல்லுங்கள். 13 வயதில் பல பிள்ளைகள் தங்களால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருப்பார்கள், அது அவளிடம் சேராமல் இந்த ஒரு வாக்கியம் தடுக்கும்.